பொம்மைத் தோணிக்கு நங்கூரம்

1. கண் பிடுங்கும் உத்தியோகம்

ரிட்டயர் ஆன பிறகு சேர்ந்த வேலையில், முதல் நாளே ஒரு கரடியின் கண்ணைப் பிடுங்கினேன். பஞ்சு அடைத்த பொம்மைக் கரடி. கண்ணில் கிளாம்பை மாட்டி, இழுவிசையை அளக்கும் ஃபோர்ஸ் கேஜை வைத்து இழுத்தேன். முள் பாதி தூரம்கூடப் போகவில்லை. அதற்குள் கண் கழன்று தெறித்து அலமாரிக்கு அடியில் உருண்டது.

"என்ன டீச்சர், முடிஞ்சுதா?" என்று பின்னாலிருந்து கேட்டார் முதலாளி செல்லத்துரை அண்ணாச்சி.

"முடிஞ்சுது அண்ணாச்சி. கரடி பெயில்."

அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கரடி அவர் தயாரிப்பு இல்லை. நான் கை பழகட்டும் என்று கடையில் வாங்கி வந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டீச்சர் இல்லை. சாகுபுரம் கெமிக்கல் ஆலையில் லேப் கெமிஸ்டாக இருந்து, அமிலத்தோடும் காரத்தோடும் காலம் தள்ளியவள். ஆனால் டீச்சர்களுக்குப் பேர்போன நாசரேத்தில் பிறந்து, கண்ணாடி போட்டு, கையில் குடையோடு பஸ்ஸை விட்டு இறங்குகிற பெண்பிள்ளை வேறு யாராக இருக்க முடியும் என்று இங்குள்ளவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். நானும் திருத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனேன்.

வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவளும் இல்லை. ஆத்தூரில் வீட்டோடு இருந்து பார்த்தேன். குழம்புக்கு உப்பை நான் தராசில் நிறுத்துப் போடுவதைப் பார்த்த என் வீட்டுக்காரர், "எஸ்தரு, எங்கயாவது வேலைக்குப் போயிரும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்படித்தான் தினமும் வெற்றிலைக் கட்டுகளோடு சீட்டைப் பங்கு போட்டுக்கொண்டு முத்தையாபுரத்துக்குப் பஸ் ஏறத் தொடங்கினேன்.

அண்ணாச்சி தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு அடுக்கும் மரப் பேலட் அடித்துக் கொடுப்பவர். வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று விதி வந்ததும், கன்டெய்னர் கன்டெய்னராக இறங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் சாமான் குறைந்துபோனது. இவருக்கு மூளை வேலை செய்தது. மரமும் மெஷினும் கையில் இருக்க, நாமே பொம்மை செய்தால் என்ன? அவர் செய்த பொம்மைக்கும் அதே முத்திரை வேண்டும். முத்திரைக்கு லேப் வேண்டும். லேபுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நான்.

பொம்மை டெஸ்டிங் என்றால் என்ன என்று கேட்கும் இளம்பிள்ளைகளுக்கு நான் சுருக்கமாகச் சொல்வது இதுதான்: குழந்தை செய்யக்கூடிய அத்தனை அட்டூழியத்தையும் அதற்கு முன்னால் நாம் செய்து பார்த்துவிடுவது. கீழே போட வேண்டும், திருக வேண்டும், இழுக்க வேண்டும், மேலே எடை ஏற்றி நசுக்க வேண்டும். பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று வெளி லேபுக்கு அனுப்ப வேண்டும். கூர்முனை, கூர்விளிம்பு, கயிற்று நீளம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், ஸ்மால் பார்ட்ஸ் சிலிண்டர் என்று ஒரு சின்ன உலோகக் குழாய். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டைக்கு ஏற்ப அளவெடுத்தது. பொம்மையிலிருந்து கழன்று வரும் எதுவும் அதற்குள் முழுசாக அடங்கிவிட்டால், பொம்மை பெயில். பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

2. பழைய பொம்மைகளுக்கு வைத்த பரீட்சை

"எல்லாம் சரி டீச்சர். நாங்க வெளையாண்ட பொம்மைக்கு எவன் டெஸ்ட் வச்சான்? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று அண்ணாச்சி ஒருநாள் கேட்டார். இந்தக் கேள்வியை எனக்கு ஏற்கெனவே பல பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்திருந்தது.

"கொண்டாங்க, வச்சிருவோம்" என்றேன்.

அண்ணாச்சியும் ரோஷக்காரர்தான். அடுத்த வாரமே என் மேசை கொலு மாதிரி நிறைந்துவிட்டது. பனை ஓலைக் கிலுகிலுப்பை, அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான், ஒரு மரப்பாச்சி ஜோடி, களிமண் தலையாட்டி, கொழும்பிலிருந்து தோணியில் வந்த தகர மோட்டார் கார், அவருடைய அக்கா பத்திரமாக வைத்திருந்த செல்லுலாய்டு பாப்பா. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

கிலுகிலுப்பையைக் கீழே போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, ஓலைப் பின்னல் அசையவில்லை. போட்டுத் திருகியதில் ஓரம் பிரிந்து உள்ளே சத்தம் போட்டது வெளியே வந்தது. குன்றிமணி. வாயில் கடித்து மென்றால் நஞ்சு. தகர காரை விரலால் தடவிய அண்ணாச்சிக்கே ரத்தம் வந்துவிட்டது; அதற்கு மேல் டெஸ்ட் தேவைப்படவில்லை. தலையாட்டி கீழே விழுந்ததும் தலை வேறு ஆட்டம் வேறாகப் போனது. செல்லுலாய்டு பாப்பாவின் கால் நுனியில் கொஞ்சம் வெட்டி வெளியே வைத்துத் தீக்குச்சி காட்டினேன். ஒரே ஜுவாலை. சுற்றி நின்றவர்கள் டீயோடு பின்வாங்கினார்கள்.

சொப்புப் பானையின் மூடி சிலிண்டருக்குள் அழகாக உட்கார்ந்துகொண்டது. ஆகவே மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். மரப்பாச்சி ஒன்றுதான் விழுந்தும் இழுபட்டும் நசுங்காமல் முழுசாக நின்றது. ஒரே கட்டையில் செதுக்கியது, கழல்வதற்கு என்ன இருக்கிறது?

அண்ணாச்சி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "இதையெல்லாம் வச்சு வெளையாண்டும் நாம எப்படி டீச்சர் பொழச்சோம்?"

"பொழச்சவங்க மட்டும்தான் அண்ணாச்சி இங்கன நின்னு பேசிக்கிட்டிருக்கோம்."

அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அக்காவுக்குப் பாப்பாவின் கால் எப்படிப் போனது என்று மட்டும் நான்தான் போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

3. லூர்து மேஸ்திரியின் தோணி

எங்கள் பொம்மைகளுக்கு மாடல் செய்பவர் லூர்து மேஸ்திரி. அதற்கு முன் தோணி கட்டும் தச்சர். அவர்களை இங்கே ஓடாவி என்பார்கள். தோணி வேலையில் தோள்பட்டை போனதால் சின்ன வேலைக்கு வந்தார். மனுஷர் பேசுவது குறைவு, கோபித்துக்கொள்வது அதிகம். நானும் அப்படித்தான் என்று சொல்வார்கள்; நான் பேசவும் செய்வேன்.

சென்னையில் பல கிளைகள் உள்ள ஒரு கடையிலிருந்து, சின்னப் பிள்ளைகளுக்கான மரப் பொம்மையாக, தூத்துக்குடிக்கே உரியதாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மேஸ்திரி ஒரு தோணி செய்து கொண்டுவந்தார். அடியில் சக்கரம், நடுவில் மொட்டைப் பாய்மரம், முன்னால் தூக்கிய மூக்கு. முன்மூக்கில் ஒரு குட்டி நங்கூரம் நூலில் தொங்கியது.

"நங்கூரம் வேண்டாம் மேஸ்திரி" என்றேன்.

"தோணின்னா நங்கூரம் இருக்கும்."

"பிள்ளை தொண்டையில போனா?"

அவர் என்னைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுக்காமல், நூல் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, நங்கூரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். லேப் கதவுக்குள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும் அறிந்த விஷயம் அது. நங்கூரம் இல்லாத தோணி எல்லா டெஸ்டிலும் பாஸ் ஆனது. சாம்பிள் போனது, பிடித்துவிட்டது, முதல் ஆர்டர் வந்தது.

ஆர்டரோடு ஒரு நிபந்தனையும் வந்தது. லோடு ஏறுவதற்கு முன் அவர்களுடைய இன்ஸ்பெக்டர் வந்து, சீல் போட்ட பெட்டிகளில் தனக்குப் பிடித்ததைப் பிரித்துப் பார்ப்பார். சாம்பிளுக்கு மாறாக இருந்தால் அத்தோடு சரி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சர், இது போச்சுன்னா நான் பொம்மைய மூடிட்டுப் பழையபடி பேலட்டுக்கே போயிருவேன். பேலட்டுக்குப் பேக்கிங்கு எதுக்கு? அந்தப் பொம்பளையள நிறுத்தித்தான் ஆவணும்."

பேக்கிங் மேசையில் பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் மூத்தவளாக நின்று நடத்தியது ரெஜினா. புருஷன் மாலத்தீவுக்குப் போகும் தோணியில் இருக்கிறார். இவளும் இவளோடு வந்தவர்களும் முன்பு இறால் கம்பெனியில் தோல் உரித்தவர்கள். ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்கக் கை வைத்து, விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். எங்களிடம் வந்த புதிதில் ரெஜினாவால் மிளகாய் தொட்டுச் சமைக்க முடியாது, எரியும். இப்போதுதான் கை தேறியிருந்தது. "காஞ்ச மரத்தத் தொட்டு வேல பாக்கதே சொகமா இருக்கு டீச்சர்" என்பாள். அண்ணாச்சி சொன்னதை நான் அவளிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "ஒரு கொறையும் வராம நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள்.

அங்கேதான் வந்தது வினை.

4. சீல் போட்ட பெட்டி

இன்ஸ்பெக்டர் அருண் என்ற இளவட்டம். காலையிலேயே வந்துவிட்டார். மரியாதையான பையன், ஆனால் சிரிக்க மாட்டேன் என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டு வந்த மாதிரி முகம். அடுக்கில் ஒரு பெட்டியைக் காட்டினார். பிரித்தோம். உள்ளே தோணிகள் வரிசையாக இருந்தன, அச்சுப் பிசகாமல். ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு நங்கூரம்.

 இன்னொரு பெட்டி. அதிலும் நங்கூரம். எல்லாப் பெட்டியிலும் நங்கூரம்.

"மேடம், இது அப்ரூவ்டு சாம்பிள்ல இல்லையே" என்றார் அருண்.

நான் பேக்கிங் மேசைக்குப் போய், "யார் செஞ்ச வேலை இது?" என்று கத்தினேன். லேபில் ஆசிட் பாட்டிலை உடைத்தவர்களிடம்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ரெஜினாதான் வாங்குப் பலகையை விட்டு எழுந்தாள்.

"நாங்கதான் டீச்சர். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு எங்க வீட்டுல ஒக்காந்து எல்லாரும் செதுக்குனோம். கழிச்ச மரத்துலதான். நேத்து பேக்கிங்குல கட்டுனோம்."

"எதுக்கு?"

"மேஸ்திரி மறந்துட்டாகன்னு நெனச்சோம். ஓடாவியா இருந்துட்டு நங்கூரத்த மறந்துட்டாகன்னு நாலு பேர் பேசப்படாதுல்லா. அதான் சத்தங்காட்டாம கட்டிட்டோம்." பிறகு என்னவோ எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி சேர்த்துக்கொண்டாள்: "நங்கூரம் இல்லாம ஒரு தோணிய எப்படி டீச்சர் வெளிய அனுப்புவாக?"

லூர்து மேஸ்திரி மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். கோபப்படுவார் என்று பார்த்தேன். ஒரு தோணியை எடுத்து அந்த நங்கூரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செதுக்கு நல்லாருக்கு" என்றார். எனக்கு அவரையும் சேர்த்து அறையலாம் போல இருந்தது.

அருண் என் ஃபோர்ஸ் கேஜை எடுத்தார். நங்கூரத்தில் கிளாம்பை மாட்டி இழுத்தார். முள் ஏறியது. விதி சொல்லும் கோட்டைத் தாண்டியது. நங்கூரம் வரவில்லை. இன்னும் இழுத்தார். தோணி கிளாம்போடு மேசையை விட்டு எழுந்ததே தவிர, முடிச்சு அசையவில்லை. வலை நூலில், கடல்காரர் வீட்டுப் பெண்கள் போட்ட முடிச்சு. மேசையைச் சுற்றி ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது. கழன்று விழாததால் சிலிண்டருக்குள் போடவும் ஒன்றும் இல்லை. எனக்கே ஒரு நிமிஷம் நப்பாசை வந்தது.

அருண் அடுத்து டேப்பை எடுத்து நூலை அளந்தார். முகம் மாறவில்லை. "கயிறு நீளம் ஜாஸ்தி மேடம். குழந்தை கழுத்துல சுத்திக்கும். நங்கூரம் முனையும் கூரா இருக்கு. நான் ரிஜெக்ட்தான் எழுதணும்." பிறகு குரலைத் தணித்து, "எடுத்துட்டுத் திரும்பப் பேக் பண்ணினா, சாம்பிளும் இதுவும் ஒண்ணாயிடும். சாயங்காலம் என் டிரெயினுக்கு முன்னாடி முடியும்னா திரும்பப் பார்க்கிறேன்" என்றார்.

அண்ணாச்சி ஓடிப்போய் கத்தரிக்கோல்களை அள்ளிக்கொண்டு வந்தார். யாரும் வாங்கவில்லை.

"வெட்டப்படாது அண்ணாச்சி" என்றாள் ரெஜினா. முகம் வெளுத்திருந்தது. "எங்க வீட்டு ஆம்பளைய எல்லாம் தண்ணியில கெடக்காக. நாங்க கையால நங்கூரக் கயித்த அறுக்கவா?"

அண்ணாச்சி கோபத்தில் கத்தரிக்கோல்களை மேசையில் போட்டார். நான் விஞ்ஞானம் படித்தவள், இதற்கெல்லாம் மசியாதவள் என்றுதான் என்னைப் பற்றி எனக்கு நினைப்பு. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, "நீங்க போங்க, நான் வெட்டுதேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனசு கஷ்டமாக இருந்தது. வேலை போனாலும் பரவாயில்லை என்று நிற்கிறார்கள், அந்த ஐஸ் மேசைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று தெரிந்தும்.

கயிற்றையாவது குறைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "ஆழத்தவிடக் கயிறு நீளமா இல்லன்னா நங்கூரம் பிடிக்காதே டீச்சர்" என்றாள் இன்னொருத்தி. பொம்மைக்கு ஏது ஆழம் என்று கேட்க வந்து அடக்கிக்கொண்டேன். அந்தப் பேச்சிலேயேதான் எனக்கு வழி தென்பட்டது.

"ரெஜினா, ஒன் வீட்டுக்காரர் தோணி மாலத்தீவுக்குக் கெளம்பும்போது நங்கூரம் எங்க இருக்கும்?"

"தோணி மேலதான். தண்ணிக்குள்ள கெடந்தா எப்படிக் கெளம்புவாக?"

"அப்ப அறுத்துட்டா கெளம்புதாக?"

"ஏத்திட்டுக் கெளம்புவாக."

"இந்தத் தோணியெல்லாம் இப்பம் நம்ம கரையில நிக்குதா, சென்னைக்குக் கெளம்புதா?"

ரெஜினா என்னையே பார்த்தாள். லூர்து மேஸ்திரி இருமுவது போல் ஒரு சத்தம் செய்தார். அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி, "ஏளா, நங்கூரத்த ஏத்துங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் நடந்தது வேலை இல்லை, திருவிழா. வெட்டக் கூடாது, அவிழ்க்க வேண்டும். ஃபோர்ஸ் கேஜுக்கு மசியாத முடிச்சு அவர்கள் விரலுக்கு மட்டும் பூப்போல இளகியது. நானும் ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். நகம் உடைந்ததுதான் மிச்சம். அருணும் ஒன்றை எடுத்தார். ரெஜினா அவர் கையிலிருந்து வாங்கி, "நீங்க சும்மா இருங்க தம்பி, நீங்க இழுத்து இழுத்து இறுக்கித்தான் வைக்கிய" என்றாள். சத்தியத்தை மறந்து பையன் சிரித்துவிட்டான். அண்ணாச்சி எல்லாருக்கும் வடை வாங்கிவரச் சொல்லிவிட்டு, அவரே அட்டைப்பெட்டி ஒட்டினார். அவிழ்த்த நங்கூரங்கள் ஒரு கூடையில் நிறைந்தன.

மறுபடி சீல் போட்ட பெட்டிகளில் அருண் நாலைந்தைப் பிரித்தார். இழுத்தார், திருகினார், போட்டார், அளந்தார். பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது கூடையைப் பார்த்தபடி, ஒரு நங்கூரம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"வீட்டுல சின்னப் பிள்ளை உண்டா?" என்றேன் கறாராக.

"இல்ல மேடம். எனக்குத்தான்."

எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

5. கடைசிக் கை

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கியூ.சி. என்கிற தரச் சோதனை முத்திரை விழுந்ததும் பொம்மை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அது முடிவதில்லை. கடைசியாக யார் கை படுகிறதோ அங்கேதான் முடிகிறது. அந்தக் கைக்காரருக்கு ஒரு குறை கண்ணில் பட்டு, அது ஏன் அப்படி விடப்பட்டிருக்கிறது என்று யாரும் சொல்லாவிட்டால், அவரே நல்ல மனசோடு அதை நிரப்பிவிடுவார். கெட்ட எண்ணத்தோடு செய்கிற தப்பைக் கண்டுபிடிக்க என்னிடம் கருவி இருக்கிறது. நல்ல மனசோடு செய்வதைக் கண்டுபிடிக்க, முன்கூட்டியே வாயைத் திறந்து பேசுவதைத் தவிர வழியில்லை. இப்போது எந்தப் பொம்மையில் எதை எடுத்தாலும், சிலிண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நானே பேக்கிங் மேசைக்குப் போய்க் காட்டிவிடுகிறேன். சமீபத்தில் லாரி பொம்மையில் கிளீனரை எடுத்தேன். டிரைவர் ஒத்தையாகப் போவது பற்றிப் பெண்கள் இன்னும் வருத்தமாக இருக்கிறார்கள், ஆனால் யாரும் கிளீனர் செதுக்கவில்லை.

அன்றைக்கு லோடு ஏறிய பிறகு எல்லாரும் கைகால் கழுவப் போனார்கள். ரெஜினா மட்டும் காலி மேசையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். நான் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது பைய என் பக்கத்தில் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு வேலைக்கு வரலாம்லா டீச்சர்?"

"வரணும். வந்ததும் நேரா லேபுக்கு வா. மேஸ்திரி மொதல்லயே நங்கூரம் வச்சுத்தான் கொண்டாந்தாக. நான்தான் எடுக்கச் சொன்னேன். ஏன்னு ஒனக்குக் காட்டுதேன்."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முதலில் திகைப்பு, பிறகு கண்ணீரோடேயே சிரிப்பு.

"அத அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா, ஞாயித்துக்கெழம நாங்க கறி எடுத்துச் சமச்சுத் தின்னுட்டு ஒறங்கியிருப்போமே டீச்சர்."